நாலு மணிக்கு எழும்பினால் போதுமா?

சபரகமுவ தோட்டங்களிலிருந்து உயர்தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மணிக்கணக்கைச் சொல்லிக்கொடுக்க ஊரே இருக்கிறது. மாவட்டக் கணக்கையும் பாடக் கணக்கையும் யார் சொல்லிக்கொடுப்பது?

தரம் 12-க்குள் கால் வைத்ததும் பிள்ளைகள் செய்கிற முதல் காரியம் நேரசூசி எழுதுவது. பழைய காலண்டர் தாளைப் பின்பக்கம் திருப்பி, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, காலை 4 முதல் 6 வரை பொருளியல், இரவு 7 முதல் 11 வரை கணக்கீடு என்று கட்டம் கட்டமாக நிரப்பி, லயத்துக் காம்பராவின் சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தா முதல் பாடசாலை அதிபர் வரை எல்லோரும் தரும் புத்திமதியும் இதையொட்டியதுதான்: "விடிய நாலு மணிக்கு எழும்பிப் படி, கெம்பஸ் போகலாம்."

விடியலில் எழும்புவது நல்ல பழக்கம்தான். ஆனால் இந்தப் பரீட்சையின் கணக்கு அதைவிடச் சிக்கலானது. 2024-ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சையில் 177,588 பேர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி பெற்றார்கள். அரச பல்கலைக்கழகங்கள் ஆண்டொன்றுக்குச் சேர்த்துக்கொள்வதோ நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டும் எண்ணிக்கையினரை. மூன்று பாடமும் 'பாஸ்' ஆன நால்வரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் இடம். அந்த ஒருவர் யார் என்பதை அவர் விழித்திருந்த நேரம் மட்டும் முடிவு செய்வதில்லை. அவர் எடுத்த பாடங்கள், படித்த பாடசாலை இருக்கும் மாவட்டம், அதே பாடத்தை எழுதிய மற்றவர்கள் வாங்கிய புள்ளி எல்லாம் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

ஆகவே இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தோட்டத்திலிருந்து படிக்கும் பிள்ளையின் திட்டம் நேரசூசிக்கு முன்பே தொடங்கியாக வேண்டும். எந்த மாவட்டம், எந்தப் பாடம், கையில் உண்மையில் எத்தனை மணி நேரம், எழுதிய விடையைத் திருத்த யார்: இந்த நான்கு கேள்விக்கும் விடை தெரிந்த பிறகுதான் சுவரில் ஒட்டும் தாளுக்குப் பெறுமதி வரும்.

முதல் கணக்கு: மாவட்டம்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இடங்களைப் பங்கிடும் முறை பலருக்கும் பரீட்சை முடிந்த பிறகே தெரிய வருகிறது. மாவட்ட முறை பொருந்தும் பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் நாடளாவிய தகுதிவரிசைப்படி நிரப்பப்படும். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரியும். மீதி 5 வீதம் கல்வி வசதி குறைந்தவை என்று வகைப்படுத்தப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகும்.

நுவரெலியா, பதுளை, மொனராகலை ஆகியவற்றோடு இரத்தினபுரியும் அந்த 16-க்குள் இருக்கிறது. கேகாலை இல்லை. ஒரே மாகாணம், ஒரே மாகாணக் கல்வித் திணைக்களம், ஒரே விதமான லயம். ஆனாலும் பலாங்கொடைக்கு மேலே ஒரு டிவிசனில் இருந்து படிக்கும் பிள்ளைக்கும் எட்டியாந்தோட்டைக்கு மேலே இருந்து படிக்கும் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி, வேறு. 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இரத்தினபுரி மாவட்டத்தின் சனத்தொகை 1,088,007. கேகாலையின் சனத்தொகை 840,648. மாவட்டப் பங்கு இத்தகைய சனத்தொகை எண்களைப் பார்த்தே பிரிகிறது.

மாவட்டத்தைப் பார்க்கும் இந்த முறைக்கு மாவட்டத்தின் உள்ளே இருக்கும் மேடு பள்ளம் தெரியாது. இரத்தினபுரி நகரத்தில் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் உள்ள தேசிய பாடசாலையில் படித்த மாணவருக்கும், இறக்குவானைப் பக்கம் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து படித்த மாணவிக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றே. கல்வி வசதி குறைந்த மாவட்டம் என்பதற்காகக் கிடைக்கும் அந்த 5 வீதத்திலும் முந்திக்கொள்ள வாய்ப்பு அதிகம் உள்ளவர், அந்த மாவட்டத்துக்குள் வசதி கூடிய பிள்ளைதான்.

இன்னொரு சிக்கல் எல்லைகளில் இருக்கிறது. தெஹியோவிட்டையிலிருந்து அவிசாவளை கூப்பிடு தூரம். அவிசாவளையோ கொழும்பு மாவட்டம். போட்டி மிகக் கடுமையான மாவட்டங்களில் ஒன்று. எட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேன வழியாக மேலே ஏறினால் ஹட்டன். அது நுவரெலியா மாவட்டம். அங்கே தமிழ்மொழிமூல விஞ்ஞானப் பிரிவுக்குப் பெயர்பெற்ற பாடசாலைகள் இருப்பதால் கேகாலைத் தோட்டப் பிள்ளைகள் சிலர் விடுதியிலோ உறவுக்காரர் வீட்டிலோ தங்கி அங்கே படிக்கிறார்கள். ஒரு பஸ் இறக்கத்திலும் ஒரு பஸ் ஏற்றத்திலும் பிள்ளையின் மாவட்டக் கணக்கே மாறிப்போகலாம். பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எங்கே படித்தார் என்பதை ஆணைக்குழு பார்க்கிறது. எனவே சாதாரண தரம் முடிந்து பாடசாலை மாறும் முன்பே ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் அது பற்றிய பகுதியை வாசித்து, வலயக் கல்விப் பணிமனையில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். "நல்ல ஸ்கூல்" என்ற ஒரே காரணத்துக்காக எல்லை தாண்டுவது சில பிள்ளைகளுக்கு லாபம், சிலருக்கு நட்டம்.

இரண்டாவது கணக்கு: பாடம்

இலங்கையில் அரச பாடசாலைகள் நான்கு வகை. எல்லா உயர்தரப் பிரிவும் உள்ளது 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி. தரம் 11 வரை உள்ளது இரண்டாம் வகை; ஆரம்ப வகுப்புகளோடு நிற்பது மூன்றாம் வகை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது எழுபதுகளில். அதுவரை ஒற்றை ஆசிரியரோடு ஒரு மடுவத்தில் நடந்தவை அவற்றில் பல. அங்கிருந்து உயர்தரம் வரை வளர்ந்த பாடசாலைகள் குறைவு. அவற்றிலும் தமிழில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் நான்குக்கும் நிரந்தர ஆசிரியர் உள்ளவை இன்னும் குறைவு. நுவரெலியாவைப் போல சபரகமுவத் தோட்டங்கள் அடுத்தடுத்துக் கிடப்பவை அல்ல; சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. தமிழ்ப் பாடசாலைகளும் அப்படியே சிதறிப்போனதால் ஒரு பாடசாலையில் ஒரு பாடத்துக்குச் சேரும் பிள்ளைகள் ஐந்தாறு பேராக இருப்பதுண்டு. பிள்ளைகள் குறைவு என்பதால் ஆசிரியர் வருவதில்லை. ஆசிரியர் இல்லை என்பதால் பிள்ளைகள் சேர்வதில்லை.

இதன் விளைவாகப் பெரும்பாலானோர் கலைப் பிரிவுக்குப் போகிறார்கள். கலைப் பாடங்களில் தாழ்வு எதுவும் இல்லை. ஆனால் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கலைப் பாடநெறிகளுக்கு அனுமதி பெரும்பாலும் நாடளாவிய தகுதிவரிசைப்படி. மாவட்டப் பங்கின் அனுகூலம் அங்கே இல்லை. இரத்தினபுரிப் பிள்ளை அங்கே நாட்டிலுள்ள எல்லாக் கலைப் பிரிவு மாணவர்களோடும் நேராகப் போட்டியிடுகிறது. வேறு பிரிவில் மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டக்கூடிய பிள்ளை, ஆசிரியர் இல்லை என்ற காரணத்தால் கலைக்குப் போகும்போது, ஆசிரியரோடு சேர்த்து மாவட்டப் பங்கையும் இழக்கிறது.

2013-இல் அறிமுகமான தொழினுட்பவியல் பிரிவு இன்னொரு வாசல். பொறியியல் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், அதோடு தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம், மூன்றாவதாகப் பட்டியலிலிருந்து ஒரு பாடம். எட்டக்கூடிய தூரத்தில் தமிழ்மொழிமூலத் தொழினுட்பப் பிரிவு இருக்கிறதா என்று விசாரிப்பது திட்டத்தின் பகுதி. சிங்களமொழிமூலத்துக்கு மாறலாமா என்ற கேள்வியும் இங்கே உண்டு. பரீட்சையை சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதலாம். சின்ன வயதிலிருந்தே சிங்களத்தில் படித்த தோட்டப் பிள்ளைகளுக்கு அது இயல்பு. பதினொரு ஆண்டு தமிழில் படித்தவர் தரம் 12-இல் மாறினால் முதல் ஆறு மாதம் மொழிக்கே போய்விடும். அந்த ஆறு மாதத்தையும் திட்டத்தில் செலவாக எழுதத் துணிந்தவரே மாற வேண்டும்.

பாடம் தெரிவு செய்யும்போது முடிவிலிருந்து பின்னோக்கி வருவது நல்லது. பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல்ஓயவில் இருக்கும் சபரகமுவ பல்கலைக்கழகத்தில் நில அளவை விஞ்ஞானம், விவசாயம், முகாமைத்துவம், சமூக விஞ்ஞானமும் மொழிகளும் என்று பல பீடங்கள் உண்டு. மருத்துவ பீடமும் வந்துவிட்டது. பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. கொழுந்துக் கூடையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எந்தப் பட்டத்துக்கு எந்த மூன்று பாடம் வேண்டும், சாதாரண தரத்தில் எதில் என்ன சித்தி வேண்டும், எதற்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை உண்டு என்பதெல்லாம் கைநூலில் இருக்கின்றன. பெறுபேறு வந்த பிறகு விண்ணப்பம் நிரப்பத்தான் அதைத் திறப்பது என்ற வழக்கம் மாற வேண்டும். முந்திய ஆண்டுக் கைநூல் ஒன்று தரம் 11 வகுப்பறையிலேயே இருக்க வேண்டும்.

பாடத்தோடு சேர்ந்த கணக்கு: இசட் புள்ளி

2001-இலிருந்து தெரிவு இசட் புள்ளியால் நடக்கிறது. பெயர் மிரட்டினாலும் விஷயம் எளியது. ஒரு பாடத்தில் நீங்கள் வாங்கிய புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியைக் கழித்து, புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் வரும் விடைகளின் சராசரிதான் உங்கள் இசட் புள்ளி. நான்கு தசம தானம் வரை வெளியிடுவார்கள். இடம் கிடைப்பதும் போவதும் அந்தக் கடைசித் தானங்களில்கூட நடக்கும்.

உதாரணத்துக்கு, ஒரு பாடத்தின் சராசரி 38, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். 68 வாங்கினால் இசட் 2. இன்னொரு பாடத்தில் சராசரி 55, நியம விலகல் 10. அங்கே 70 வாங்கினாலும் இசட் 1.5 தான். புள்ளி கூடியிருந்தும் வரிசையில் கீழே. "லேசான பாடம்" என்று எல்லோரும் ஓடுகிற பாடத்தில் சராசரியும் மேலே ஏறிவிடுவதால், அங்கே முன்னுக்கு வருவது லேசாக இருப்பதில்லை.

நேரத்தைப் பங்கிடுவதற்கும் இது வழிகாட்டி. நியம விலகல் 15 உள்ள இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பலவீனமான பாடத்தில் 40-ஐ 55 ஆக்கினால் அந்தப் பாடத்தின் இசட் 1 கூடும். மூன்றால் வகுத்தால் மொத்தத்தில் 0.33 ஏற்றம். பிடித்த பாடத்தில் 80-ஐ 88 ஆக்கினால் 0.53, மொத்தத்தில் 0.18 தான். 80-லிருந்து எட்டுப் புள்ளி ஏறுவது 40-லிருந்து பதினைந்து ஏறுவதைவிடப் பெரும்பாலும் கடினம். இருந்தும் நம் பிள்ளைகள் பிடித்த பாடத்தையே விடிய விடியப் படிக்கிறார்கள், பயந்த பாடத்தை "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளுகிறார்கள்.

இசட் புள்ளியில் சேராத ஒன்றும் இருக்கிறது: பொதுச் சாதாரணப் பரீட்சை. அதில் குறைந்தது 30 புள்ளி இல்லாவிட்டால் மூன்று பாடத்தில் எவ்வளவு வாங்கினாலும் அனுமதி இல்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது கணக்கு: உண்மையான மணி நேரம் எத்தனை?

திட்டங்கள் ஏன் தோற்கின்றன என்பதை உளவியலாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1994-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எடுத்ததோ 55 நாளுக்கு மேல். வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கணக்கே இப்படி வழுக்குகிறது என்றால், தோட்டத்து நேரசூசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தோட்டத்துக்கு ஒரு கடிகாரம் உண்டு. அம்மா பிரட்டுக்குப் போகும் முன் சமையல் முடிய வேண்டும். கேகாலைப் பக்கம் றப்பர்த் தோட்டமானால் அப்பா விடியுமுன்பே பால் வெட்டப் போய்விடுவார். தம்பி தங்கச்சியை வெளிக்கிடுத்துவதும் பீலியில் தண்ணீர் எடுப்பதும் மூத்த பிள்ளையின் வேலை; அதிலும் மூத்தது பெண் பிள்ளையானால் அவளுடைய வேலை என்று கேள்வியே இல்லாமல் முடிவாகிவிடும். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டு லயம் வரை நடை. இரவில் ஒரே காம்பராவில் டீவி, சமையல், பேச்சு எல்லாம். ஒன்பது மணிக்குப் பிறகுதான் இஸ்தோப்பு அமைதியாகும்.

ஆகவே முதல் வாரத்தில் எதையும் திட்டமிடாமல், எப்போது உண்மையில் புத்தகத்தைத் திறந்தேன், எப்போது மூடினேன் என்று மட்டும் ஒரு கொப்பியில் குறித்துவரச் சொல்லுங்கள். பாடசாலை நாளில் காலை ஒன்றரை மணி, இரவு இரண்டு மணி தேறினால் ஐந்து நாளுக்குப் பதினேழரை. சனி, ஞாயிறு தலா ஐந்து என்றால் இன்னும் பத்து. மொத்தம் இருபத்தேழரை. காய்ச்சல், கோயில் திருவிழா, சாவு, கல்யாணம், கரண்ட் போவது என்று கால் பங்கைக் கழித்தால் கைக்கு மிஞ்சுவது வாரம் 20 மணி நேரம். வருடத்தில் 40 வாரம் அதைக் காப்பாற்றினால் 800 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி என்று எழுதி மூன்றாம் வாரத்தில் கிழித்தெறியும் தாளைவிட, இந்த 800 மணி நேரம் பெரிய செல்வம்.

பெட்டிச் செய்தி: 20 மணி நேர வாரம் ஒன்று

பலவீனமான பாடம்: 6 மணி நேரம். விடியற்காலை நேரம் முழுவதும் இதற்கே.
நடுத்தரப் பாடம்: 4 மணி நேரம்.
பலமான பாடம்: 3 மணி நேரம்.
கடந்தகால வினாத்தாள், கடிகாரம் வைத்து: 4 மணி நேரம். ஞாயிறு காலையில் முழுத்தாள் ஒன்று. மீதி நேரத்தில் பிழை பார்த்தல்.
போன வாரமும் போன மாதமும் படித்ததைப் புத்தகத்தை மூடி எழுதிப் பார்த்தல்: 2 மணி நேரம்.
பொதுச் சாதாரணப் பரீட்சை: 1 மணி நேரம்.
தவணை முடிவில் வரும் புள்ளியைப் பார்த்து முதல் மூன்று வரியின் மணி நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான்காவது கணக்கு: யார் திருத்துவது?

கொழும்பிலும் கண்டியிலும் உயர்தரப் பிள்ளையின் இரண்டாண்டும் மூன்று கட்டமாக ஓடும்: தியறி கிளாஸ், ரிவிஷன் கிளாஸ், பேப்பர் கிளாஸ். பெருமண்டபங்களில் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து கேட்கும் வகுப்புகள் பெரும்பாலும் சிங்களத்தில். தமிழில் வேண்டுமென்றால் கொழும்புக்குப் போக வேண்டும், அல்லது 2020-க்குப் பிறகு வந்த சூம் வகுப்பு. மேட்டு லயத்தில் சிக்னல் பிடிக்கும் பாறையைத் தேடிப் போகும் பிள்ளைக்கு அதன் அருமையும் தெரியும், டேட்டாவின் விலையும் தெரியும்.

ஆனால் இந்த மூன்று கட்டத்தில் பிள்ளைக்கு மிக அதிகம் உதவுவது மூன்றாவது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர் செய்த சோதனையைப் பாருங்கள். ஒரு பகுதி மாணவர்கள் ஒரு பாடத்தை இருமுறை வாசித்தார்கள். மறுபகுதியினர் ஒருமுறை வாசித்து, ஒருமுறை பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் 56 வீதம் நினைவில் வைத்திருந்தார்கள், வாசித்தவர்கள் 42 வீதம். திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்ததுபோல ஒரு மயக்கம் வரும். பேனாவை எடுத்ததும் அது கலைந்துவிடும்.

கடந்தகால வினாத்தாள் அதிகச் செலவில்லாத பயிற்சி. பரீட்சைத் திணைக்களத்தின் தாள்களும் புள்ளியிடும் திட்டங்களும் தமிழில் கிடைக்கின்றன. தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் உண்டு. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்திலிருந்து இறக்கி ஒரு தடவை அச்செடுத்தால் வகுப்பே பகிரலாம். பௌதிகவியலில் முதல் தாளின் 50 பல்தேர்வு வினாவுக்கு இரண்டு மணி நேரம். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 விநாடி. இணைந்த கணிதத்தில் ஒவ்வொரு தாளிலும் பகுதி ஏயின் பத்து வினாவுக்கும் விடை எழுதி, பகுதி பியின் ஏழில் ஐந்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். பகுதி ஏக்கு 250, பகுதி பிக்கு 750. எந்த ஐந்தைத் தொடுவது, எதை விடுவது என்பதை மண்டபத்தில் உட்கார்ந்து பழக முடியாது.

பிள்ளை தன்னால் செய்ய முடியாத இடமும் இதுதான். பல்தேர்வைத் தானே திருத்தலாம். கட்டுரை வினாவை, அதிலும் அரசியல் விஞ்ஞானம், புவியியல், இந்து நாகரிகம் போன்ற பாடங்களில், புள்ளியிடத் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து புள்ளியிடும் திட்டத்தை வைத்து ஒருவர் தாளை ஒருவர் திருத்துவது முதல் படி. பெலிஹுல்ஓயவிலும் பேராதனையிலும் படிக்கும், அதே தோட்டத்திலிருந்து போன அண்ணா அக்காமார் விடுமுறையில் வரும்போது பத்துத் தாளைத் திருத்திக் கொடுப்பது அடுத்த படி. பல தோட்டங்களில் இளைஞர் மன்றங்கள் ஒருநாள் கருத்தரங்கு வைக்கின்றன. மேடை, மாலை, சான்றிதழுக்குச் செலவாகும் காசு மாதம் ஒருமுறை தாள் திருத்தும் ஆசிரியரின் பஸ் காசுக்குப் போனால் பலன் பல மடங்கு.

மழையையும் எழுதிக்கொள்ளுங்கள்

நாட்டிலேயே மழை மிகக் கூடிய இடங்களில் சபரகமுவ மலைச்சரிவுகளும் சேர்த்தி. மே மாதம் தென்மேல் பருவம்; ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியப் பக்கம் ஒரு தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனது. முன்பு ஓகஸ்டில் நடந்த உயர்தரப் பரீட்சை 2024-இலும் 2025-இலும் நவம்பரில் தொடங்கியது. 2024 நவம்பர் இறுதியில் வெள்ளத்தால் பரீட்சை இடைநிறுத்தப்பட்டு டிசம்பரில் தொடர்ந்தது. 2025 நவம்பரில் தொடங்கிய பரீட்சை டித்வா புயலால் நடுவழியில் நின்று, மீதிப் பாடங்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளிப்போயின.

இதிலிருந்து மூன்று ஏற்பாடு. ஒன்று, பாடவிதானம் பரீட்சைக்கு மூன்று மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும். மழைக்காலம் தாள்களுக்கு மட்டும். இரண்டு, குறிப்புகளையும் அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் உறைக்குள் ஒரே பையில் வைத்திருப்பது. மண்சரிவு எச்சரிக்கை வந்து இரவோடிரவாக வெளியேறினாலும் கையோடு வரும். மூன்று, பரீட்சை மத்திய நிலையத்துக்குப் பக்கத்தில் தங்க ஒரு வீட்டை முன்கூட்டியே பேசி வைப்பது. பரீட்சைக்கு முந்திய நாட்களில் டியூஷனும் கருத்தரங்கும் திணைக்கள உத்தரவால் நின்றுவிடும் என்பதால், அந்த நாட்களுக்கு எதைப் பார்ப்பது என்ற பட்டியலும் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

காசும் திட்டத்துக்குள்

2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 14.3 வீதம், தோட்டப்புறத்தில் 33.8 வீதம். 2024-இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. அதுவும் முழுப்பேர் விழுந்த நாளுக்கு, அதாவது குறித்த வேலை முழுவதும் முடிந்த நாளுக்கு. மழையில் பால் வெட்ட முடியாத நாளில் றப்பர்த் தொழிலாளியின் வருமானம் விழுகிறது. அதே மாதத்தில்தான் டியூஷன் காசும் கேட்கப்படுகிறது.

ஆகவே மூன்று பாடத்துக்கும் கிளாஸ் என்ற வழக்கத்தை விட்டு, பாடசாலையில் ஆசிரியர் இல்லாத ஒரு பாடத்துக்கு மட்டும் காசைச் செலவிடுவது புத்தி. 1947-இல் அமைந்த, இந்திய உயர்ஸ்தானிகராலயத்தோடு இணைந்து இயங்கும் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் தருகிறது. அறிவித்தல் பத்திரிகையில் வரும். அதைக் கவனித்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதை ஓர் ஆசிரியர் தன் பொறுப்பாக எடுத்தால் வகுப்புக்கே நன்மை.

வீட்டில் கேட்க வேண்டிய உதவியையும் பிள்ளை தெளிவாகக் கேட்க வேண்டும். "என்னைப் படிக்க விடுங்க" என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது. "ஏழரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் டீவி வேணாம்மா, ஞாயிறு காலையில என்னைத் தண்ணிக்கு அனுப்பாதீங்க" என்றால் அம்மா ஏற்பாடு செய்வார். அண்ணன் தம்பியும் குடம் தூக்கலாம்.

பிள்ளையால் போட முடியாத திட்டம்

இவ்வளவும் செய்த பிறகும் மீதி ஒன்று இருக்கிறது. இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில் எந்த நேரசூசியும் ஆசிரியரை உண்டாக்காது. பத்தனையில் ஜெர்மன் உதவியுடன் எழுந்த ஸ்ரீபாத கல்விக் கல்லூரி மலையகத்துக்கு ஆசிரியர்களைத் தந்தது. 2015 அளவில் ஏறக்குறைய மூவாயிரம் ஆசிரியர் உதவியாளர்கள் தோட்டப் பாடசாலைகளுக்கு வந்தார்கள். கீழ் வகுப்புகள் நிமிர்ந்தன. உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் அப்படியே நின்றன.

தமிழ்நாட்டில் 2020-இல் வந்த சட்டம், மருத்துவப் படிப்பில் 7.5 வீத இடங்களை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு ஒதுக்கியது. ஒரே பரீட்சை எழுதினாலும் புறப்பட்ட இடம் ஒன்றல்ல என்பதை அது பாடசாலை மட்டத்தில் ஏற்றுக்கொண்டது. இலங்கையின் 40, 55, 5 என்ற பங்கீடு அதை மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறது. மாவட்டத்துக்குள் தோட்டம் என்ற நிரல் அந்தப் பங்கீட்டில் இல்லை. அதைச் சேர்க்கக் கேட்பது அரசியல் வேலை. மலையகப் பிரதிநிதிகளின் மேசைக்குப் போக வேண்டிய கோரிக்கை.

அது வரும்வரை மாகாணம் செய்யக்கூடியது சிறியது, செலவு குறைந்தது. இரத்தினபுரி, பலாங்கொடை, நிவித்திகலை, எம்பிலிப்பிட்டிய, கேகாலை, மாவனெல்லை, தெஹியோவிட்ட என்று சபரகமுவவில் ஏழு கல்வி வலயங்கள். எந்தப் பாடசாலையில் எந்த உயர்தரப் பாடத்துக்குத் தமிழில் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார் என்ற ஒரு பக்கப் பட்டியலை ஏழு வலயமும் சேர்ந்து, சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே வெளியிட முடியும். அந்த ஒரு தாள் கையில் இருந்தால் பாடத் தெரிவு சூதாட்டமாக இருக்காது.

முதல் தடவை தவறினால் என்ன என்பதையும் இப்போதே எழுதி வைக்கலாம். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை எழுதலாம். செக்கன்ட் ஷை எடுப்பவர் அதே நேரசூசியைத் தூசி தட்டாமல், எந்தப் பாடம் இசட் புள்ளியை இழுத்தது என்று பார்த்து மணி நேரத்தை மாற்ற வேண்டும். தேசிய கல்விக் கல்லூரிகள், உயர் தேசிய டிப்ளோமா, இசட் புள்ளி கேட்காத திறந்த பல்கலைக்கழகம் ஆகியவையும் பட்டத்துக்கும் தொழிலுக்கும் போகும் வழிகள். அவற்றின் விண்ணப்ப முடிவுத் திகதிகள் கவனிக்காவிட்டால் கடந்துவிடும் என்பதால் அவையும் சுவரில் இருக்க வேண்டும்.

உயர்தரப் பாடசாலை ஒவ்வொன்றும் இந்த ஆண்டே ஒரு காரியம் செய்யலாம். சாதாரண தரம் எழுதப்போகும் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேர் இழக்காத நாளில், கூப்பிட்டு உட்காரவைத்து, அனுமதிக் கைநூலைத் தமிழில் பக்கம் பக்கமாக விளக்க வேண்டும். மாவட்டம், பாடம், வெட்டுப்புள்ளி, ஆசிரியர் பட்டியல் நான்கையும் அன்று தெரிந்துகொண்டு போகும் பிள்ளை விடிய நாலு மணிக்கு எழும்பட்டும். அப்போது அந்த உழைப்பு எங்கே போய்ச் சேரும் என்பது அதற்குத் தெரிந்திருக்கும்.